எல்லை கடக்கும் கணினிக் கூறுகள்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழருக்கு ரேஷன் அட்டை என்பது நெடுங்காலமாகச் சொந்த ஊரிலேயே விட்டுவந்த ஒரு பொருளாக இருந்தது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரில் பலர் காலையில் ஜீப்பில் மலையேறி, மாலையில் இறங்கிவிடுகின்றனர். தோட்டத்துக் குடியிருப்புகளிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுவோரும் உண்டு. இவர்களுக்குரிய அரிசி தேனி மாவட்டத்துக் கடையில். அடுப்பு எரிவதோ உடும்பன்சோலையில்! பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பாலக்காட்டுச் சித்தூருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் வந்து தங்குவோருக்கும் இதே சங்கடந்தான்.

இதனைத் தீர்க்க வந்தது ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’ என்னும் திட்டம். 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கிய இத்திட்டத்தில் கேரளம் 2020 ஜனவரியிலும், தமிழகம் அதே ஆண்டு அக்டோபரிலும் சேர்ந்தன. 2022 ஜூனில் அஸ்ஸாம் சேரவே, நாடு முழுவதும் இது பரவியது. இதன் நிர்வாக வரலாற்றை விடுத்து, இதனுள்ளே இயங்கும் கணினி முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

தேவிகுளத்திலோ குமுளியிலோ ஒரு கடையில் தொழிலாளி ஒருவர் தமது தமிழக அட்டையின் எண்ணைச் சொல்கிறார். கடைக்காரர் கையிலுள்ள சிறு இயந்திரம் அந்த எண்ணைக் கேரளத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அட்டை தன்னுடையதன்று என்று கண்ட அக்கணினி, மத்திய அரசின் பொது விநியோகக் கணினியை நாடுகிறது. விரல் ரேகை, ஆதார் நிறுவனத்தின் கணினிக்குப் போய், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் விடையுடன் திரும்புகிறது. அம்மாதம் ஊரில் குடும்பத்தார் வாங்கியது போக எஞ்சியது எவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. இங்கே அரிசி வழங்கப்பட்டதும், ஊர்க்கடையில் மீண்டும் அதே பங்கு வழங்கப்படாதிருக்கப் பதிவும் செய்யப்படுகிறது.

வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நிரல்மொழிகளில், ஒருவரையொருவர் காணாத பொறியாளர் குழுக்கள் செய்துவைத்த மென்பொருள்கள் இவை. இவை ஒன்றோடொன்று பேசுவது எங்ஙனம்?

விடையை எல்லைப்புறத்திலேயே காணலாம். பரம்பிக்குளம் அணை பாலக்காட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அதனை இயக்குவது தமிழகம். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, மணக்கடவில் ஆண்டொன்றுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்காகக் கேரளத்துக்குச் சேரவேண்டும். மணக்கடவில் அந்த அளவு வந்து சேர்கிறதா என்பதே கேரளத்தின் கேள்வி. எந்த அணையிலிருந்து எந்தச் சுரங்கத்தின் வழியே நீரை ஆழியாற்றுக்குக் கொண்டுவருவது என்பது மேலேயுள்ளோரின் காரியம். வாசலில் எது கொடுக்கப்படும், எது பெறப்படும் என்பதை மட்டும் எழுதிவைத்து, உள்வேலையை அவரவர் பொறுப்பில் விட்டுவிடுவது! பகிர்ந்தியங்கும் மென்பொருளின் அடிப்படையும் இதுவே. வாசலில் எழுதிவைத்த அந்தப் பத்திரத்துக்கு ‘இடைமுக வரையறை’ என்று பெயர்.

தொலைவிலுள்ள கணினியின் வேலையைத் தன்னுள்ளேயே நடக்கும் வேலைபோல ஏவும் முறையைப் பிர்ரெல், நெல்சன் என்னும் இரு ஆய்வாளர் 1984இல் விளக்கி எழுதினர். 1991இல் ‘கார்பா’ என்னும் பொதுத் தரம் வெளிவந்தது. கூகிள் 2015இல் வெளியிட்ட ‘ஜி.ஆர்.பி.சி.’யும் அவ்வழி வந்ததே. இத்தகைய கருவிகள் வரையறையைப் படித்து, ஏவுபவன் பக்கம் ஒன்றும் ஏற்பவன் பக்கம் ஒன்றுமாக இரு சிறு நிரல்களைத் தாமே எழுதித் தந்துவிடும். ஒரு மொழியில் வந்த வேண்டுகோளைப் பொது வடிவில் கட்டி அனுப்புவது ஒன்று. அதனை அவிழ்த்து மறுமொழியில் ஒப்படைப்பது மற்றொன்று. கும்பினிக் காலத்துத் துபாஷிகள் செய்த வேலைதான்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த இரு நிரல்களின்மேல் ஒரு தனி அன்பு உண்டு. சொந்தக் கருத்தைச் சேர்க்காத துபாஷிகள் அல்லவா இவை!

செய்த கூறுகளைப் பல இடங்களில் நிறுவுவது அடுத்த வேலை. ஓரிடத்தில் ஓடிய நிரல் மற்றோரிடத்தில் ஓட மறுப்பது இத்துறையின் பழைய நோய். நிரலையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒரே பெட்டியிலிட்டு அனுப்பும் ‘டாக்கர்’ என்னும் கருவி 2013இல் வந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை எங்கே ஓடவிடுவது, ஒன்று நின்றால் வேறொன்றை எங்ஙனம் எழுப்புவது என்று பார்த்துக்கொள்ளும் ‘குபர்நெட்டீஸ்’ 2014இல் வெளிவந்தது. கலம் செலுத்துபவன் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். ‘மீகாமன்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் நம்மிடம் இருக்கிறது. நமது பொறியாளர் அதனை எடுத்தாளலாம்.

மலைப்பகுதியில் இன்னொரு தொல்லை உண்டு. வேண்டுகோள் போய்ச் சேர்ந்து, விடை மட்டும் வழியில் தொலைந்தால் என்ன செய்வது? வேலை நடந்ததா, நடக்கவில்லையா என்பது கடை இயந்திரத்துக்குத் தெரியாது. மீண்டும் அனுப்பினால் ஒரே அரிசி இருமுறை கணக்கில் ஏறலாம். ஆகவே ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எண் இட்டு, அதே எண் மறுபடி வந்தால் பழைய விடையையே திருப்பித் தருமாறு அமைப்பது நல்ல வடிவமைப்பு. தான் கேள்வியேபடாத ஏதோ ஒரு கணினி பழுதுற்றதால் தன் கணினி பயனற்றுப்போகும் நிலையே பகிர்ந்தியங்கும் முறை என்று லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1987இல் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அலைத்தொடர்பு கிடைக்காத தோட்டப் பகுதியிலும், உழைப்பில் ரேகை தேய்ந்த விரலிலும் அந்த வேடிக்கையின் விலை ஒரு நாள் கூலி.

இத்தனை கருவிகளும் ஒழுங்காக இயங்கினாலும், பத்திரத்தில் எழுதாத ஒன்றை அவை செய்யமாட்டா. இதனையே நேயர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். மாநிலங்களிடையே செல்லுபடியாவது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் உரிமை மட்டுமே. தமிழகத்தில் முன்னுரிமைக் குடும்பம், முன்னுரிமையற்ற குடும்பம் என்னும் வேறுபாடு அரிசி அட்டைக்காரர் பலருக்கு உறைப்பதேயில்லை. இரு சாராருக்கும் மாநில அரசு விலையின்றி அரிசி வழங்குகிறது. வாளையாற்றையோ போடிமெட்டையோ கடந்ததும் அவ்வேறுபாடு உயிர்பெற்று எழுகிறது. முன்னுரிமையற்ற அட்டையை அங்கே இயந்திரம் மறுத்தால், அது பழுதன்று, சொன்னதைச் செய்கிறது. கடைக்காரரைக் கடிந்துகொள்வதிலும் பயனில்லை. கூலிக்காக மலையேறும் குடும்பத்தின் அட்டை எவ்வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. அதனைத் தீர்மானிப்பது கணினியன்று.

ஆகவே வெளிமாநிலம் புறப்படுமுன் அட்டையில் அச்சிட்டுள்ள குறியீட்டைப் பாருங்கள். ‘பி.எச்.எச்.’ என்றோ, அதனோடு ‘ஏ.ஏ.ஒய்.’ சேர்ந்தோ இருந்தால் அது செல்லும், ‘என்.பி.எச்.எச்.’ என்று தொடங்கினால் செல்லாது. குடும்பத்தார் ஒவ்வொருவரின் ஆதார் எண்ணும் அட்டையுடன் இணைந்திருக்கிறதா என்று ஊர்க்கடையிலேயே கேட்டறியுங்கள். 2021 மார்ச்சில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த ‘மேரா ரேஷன்’ என்னும் கைப்பேசிச் செயலியில் பின்னர்த் தமிழும் மலையாளமும் சேர்க்கப்பட்டன. தமிழக அரசு தனியே வழங்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் எல்லையைத் தாண்டி வாரா. அவற்றை ஊரிலுள்ளோர்தாம் வாங்கவேண்டும்.