பூட்டிக்கிடந்த வீடும் ஒரு பொறியாளனும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழில் அனுபவத்தைப் பத்திப் பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். பதினைந்து வருஷமாகச் சென்னையில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருக்கிறேன். அதைப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். மீதிப் பேர் சதுர அடி என்ன விலை என்று கேட்பீர்கள். ஆகவே, சிவில் படித்த நான் என் சொந்த வீட்டிலேயே தோற்ற கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

செந்துறைப் பக்கம் ஒரு சிற்றூரில் எங்கள் தாத்தா கட்டிய வீடு அது. திண்ணை, நடை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் அடுப்படி, கொல்லையில் கிணறு. மண்சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புக் காரை. மேலே பனங்கையும் நாட்டு ஓடும். கட்டிய காலத்தில் அது திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடியும் பெரம்பலூர், 2007-ல் திரும்பவும் அரியலூர். வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் பத்திரத்தில் ஒரு மாவட்டம், மின் இணைப்பில் ஒரு மாவட்டம். இதை எல்லாம் நேர் செய்யவே ஆறு மாதம் அலைந்தேன் என்றால் நம்புவீர்களா?

அப்பாயி 2010-ல் காலமான பிறகு வீடு பூட்டியே கிடந்தது. அப்பாவும் போனபின் அம்மா எங்களோடு சென்னைக்கு வந்தார்கள். 2020 ஊரடங்கில் நாலாவது மாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "என்னை இப்படிக் கூண்டுல வெச்சிருக்கியேப்பா" என்று ஒருநாள் கேட்டார்கள். அதே சமயத்தில் பெரியப்பா தன் பாகத்தை விற்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாகத்தை நானே வாங்கினேன். மனை வாங்க என்று என் மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. "யாருங்க அங்க போய் இருக்கப் போறாங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அம்மா நிரந்தரமாக, நாம் மாதம் இருமுறை என்று கணக்குச் சொன்னேன். பல்லவனில் ஏறினால் இருட்டிய கொஞ்ச நேரத்தில் அரியலூர். (பெரம்பலூர் நண்பர்கள் பெருமூச்சு விடுவது கேட்கிறது. உங்களுக்குத்தான் இன்னும் ரயில் இல்லையே!)

2021-ல் வேலை ஆரம்பம். ஊர்க் கொத்தனார் எங்கள் தாத்தாவுக்கே சித்தாளாக வேலை செய்தவரின் மகன், அறுபது தாண்டியவர். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு சிமெண்ட்டு ஆகாது. சுவத்துக்கு மூச்சு வேணும்" என்றார். நான் சிரித்தேன். பட்டம் வாங்கியவன் அல்லவா! உள்ளே வெளியே இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு, தரைக்கு வழவழப்பான டைல்ஸ், மேலே பிளாஸ்டிக் பெயிண்ட். புதுப்பெண் மாதிரி இருந்தது வீடு. அம்மாவைக் கொண்டுவந்து விட்டேன்.

நவம்பர் மழை பிடித்தது. இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறிப் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பியது. வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்தது. அம்மா அந்த அறையில்தான் படுத்திருந்தார்கள். ஏற்கெனவே இளைப்பு உள்ள உடம்பு. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். "ஈரமான அறையில படுக்க வெக்காதீங்க" என்று மட்டும் டாக்டர் சொன்னார். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து அஸ்திவாரத்தில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலச் செங்கல்லில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். நான் தரையை டைல்ஸால் மூடினேன்; ஈரம் முழுக்கச் சுவருக்குப் போனது. சுவரையும் மூடினேன், அது உள்ளேயே நின்று உப்பைத் தள்ளியது. நுண்துளை ஏற்றம் என்று பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். முழு மார்க்கும் வாங்கினேன்.

கொத்தனார் வீட்டுக்குப் போய், "நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "அத விடுங்க தம்பி. மொதல்ல கொத்தி எடுங்க" என்றார்.

கொத்தி எடுக்கப் பதினாறு நாள். சிமெண்ட்டோடு சேர்ந்து செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. இந்த வேதனையைப் பிரான்ஸில் வேலை பார்க்கும் நம் வகுப்பு நண்பனிடம் போனில் கொட்டினேன். அவனும் அங்கே ஒரு கிராமத்தில் பழைய கல் வீடு வாங்கியிருக்கிறான். அந்த நாட்டில் பத்தில் ஒரு வீடு இப்படி இரண்டாம் வீடாக இருப்பதுதானாம். அவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? முன்பு இருந்தவர் கல்லின்மேல் பூசிய சிமெண்ட்டை உளி வைத்துக் கொத்திக்கொண்டிருந்தான்! இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

அடுத்து சுண்ணாம்பு. நம் பகுதி ஒரு காலத்தில் கடல் என்பது உங்களுக்குத் தெரியும். சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்காதவர் இங்கே இருக்க முடியாது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அந்த மரம் 18 மீட்டர் நீளம். கிணறு வெட்டினால் கிளிஞ்சல் வரும் ஊர்கள் நம்முடையவை. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள். நாள் முழுக்க லாரி லாரியாக என் வீட்டு வழியே போகிறது. ஆனால் எனக்கு வேண்டிய இரண்டு டன் சுட்ட சுண்ணாம்பு மாவட்டத்தில் கிடைக்கவில்லை! அக்கம்பக்கத்துக் காளவாய்கள் எல்லாம் அணைந்து வெகுகாலம் ஆகிறது. கடையில் விற்கும் சுண்ணாம்புத் தூள் உதவாது. காற்றுப்பட்டு அதில் பாதி மறுபடி கல்லாகியிருக்கும். கடைசியில் வெளியூரிலிருந்து வரவழைத்தேன். வண்டி வாடகை சரக்கின் விலைக்கு மேல்.

கொல்லையில் குழி வெட்டி, கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம். குழி கொதித்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கண்ணில் தெறிக்காமல் அவர்களை விரட்டுவதே பெரிய வேலை. மூன்று வாரம் தண்ணீரிலேயே ஊறியது. கடுக்காயும் வெல்லமும் தனியே பத்து நாள் ஊறிப் புளித்தது. அந்த வாசனையைப் பற்றி இந்தச் சபையில் சொல்வதற்கில்லை. சுவர் காய இரண்டு மாதம் விட்டு, பிறகு மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகியபின் அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. டைல்ஸையும் பெயர்த்துவிட்டோம். ஆறு லட்சம் என்று போட்ட பட்ஜெட் பதினாலில் நின்றது. வடமூலையில் இன்றைக்கும் ஒரு முழ உயரத்துக்கு உப்புக்கோடு தெரியும். அதை மறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஓடு, ஒயரிங், கழிவறை பற்றி நீட்டப் போவதில்லை. ஓடு மாற்றி தார்சு போடுகிறவர்களிடம் பழைய ஓடு வாங்கினேன். மயிலும் குரங்கும் மாதம் பத்து ஓடாவது உடைக்கின்றன.

வீடு சரியானால் குடியேறியாகிவிட்டது என்று நினைத்தேன். முதல் வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரார் வந்தார்கள். ஐயாயிரம் கொடுத்தேன், மைக்கில் பெயர்கூடச் சொன்னார்கள். எனக்குப் பெருமை. அம்மா முகம் மட்டும் வாடியிருந்தது. "அது நன்கொடைப்பா. அசலூர்க்காரன்கிட்ட வாங்குறது. நம்மகிட்ட தலைக்கட்டு வரி கேக்கலையே" என்றார்கள். வரி ஐந்நூறு ரூபாய்தான். ஆனால் அந்த நோட்டில் எங்கள் வீடு இல்லை. அதை நான் போய்க் கேட்கவும் முடியாதே!

அடுத்த வருஷம் சாயங்காலம் நோட்டோடு வந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். "தலைக்கட்டு வரி ஐந்நூறுங்க ஆத்தா" என்றார் ஒருவர். நான் பர்ஸை எடுத்தேன். அம்மா என் கையைத் தள்ளிவிட்டுத் தன் சுருக்குப்பையை அவிழ்த்தார்கள்.

நண்பர்கள் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள். கிணற்று மோட்டார் கொஞ்சம் தகராறு. அடுப்படியில் கிழக்கு ஓரம் படுக்காதீர்கள், அங்கே இன்னும் ஒழுகுகிறது.