குறியீடு காட்டுவது அறிகுறியை



மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் மோட்டார் வாகனப் பாடம் நடத்துகிறேன். "சார், காரின் கம்ப்யூட்டரே பழுதைச் சொல்லிவிடுகிறதே, மெக்கானிக் எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு.

பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். என்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஆக்சிஜன் சென்சார் இதை உணர்த்த, கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுச் சரிசெய்யப் பார்க்கும். எல்லை மீறினால் எச்சரிக்கை விளக்கு எரியும். இழுவை குறையும், நின்ற நிலையில் என்ஜின் தடுமாறும்.

பலர் உடனே அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள். சேதி சொன்னவரைத் தண்டிப்பது போன்றது இது. காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கலாம். பெட்ரோல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும்; பழுது அப்படியே இருக்கும்.

ஆகவே, ஸ்பேனரைத் தொடும் முன் மூன்று காரணங்களையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையையும் மாணவர்களை எழுதச் சொல்கிறேன்.

நம் வகுப்பறைக்கும் இது பொருந்தும். 42-இல் 17 போனால் 35 என்று ஒரு குழந்தை எழுதுகிறது. சிவப்பு மையால் அடித்துவிடலாம். ஆனால், 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது என்று கண்டுகொண்டால்தான் கடன் வாங்கிக் கழிப்பதைக் கற்றுத்தர முடியும்.