கருவுற்ற தாய்மாரின் உடையும் உடல்நலமும்

(வாரியத்தின் மகளிர் பிரிவு ஆலயத் திருமண மண்டபத்தில் நடத்திய குடும்பநல நிகழ்ச்சியில், ஓய்வுபெற்ற மகப்பேற்றுத் தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் மேடைப் பேச்சாளர் அல்லள். தேக்காவில், அந்நாளில் ஹாம்ஷியர் சாலையில் இருந்த கே.கே. ஆஸ்பத்திரியில் 1976இல் தாதியாகச் சேர்ந்தேன். 1997இல் புக்கிட் தீமா சாலையின் புதிய கட்டடத்துக்கு அது இடம் மாறிய பிறகும் அங்கேயே பணியாற்றி ஓய்வு பெற்றேன். 1966ஆம் ஆண்டில் மட்டும் அந்த ஆஸ்பத்திரியில் 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல்! உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்ற கணக்கு அது. நான் சேர்ந்தபோது அந்த வேகம் தணிந்திருந்தாலும், என் கை பட்டுப் பிறந்த பிள்ளைகளின் பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

கருவுற்ற பெண்களின் உடையையும் உடற்பயிற்சியையும் பற்றிப் பேசப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "சேலை வியாபாரம் எப்போ ஆரம்பிச்சே?" என்று என் கணவர் கேலி செய்தார். சிரிக்கட்டும். கர்ப்பிணிப் பெண் சோதனைக்கு வந்து படுத்தவுடன் நான் முதலில் பார்ப்பது அவள் வயிற்றை அல்ல, பாவாடை நாடா பதிந்த தடத்தைத்தான்.

ஆறு கஜப் புடவையின் கனம் முழுவதையும் அந்த ஒற்றை நாடாதான் தாங்குகிறது. சரிகை நிறைந்த பட்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். வயிறு வளர வளர, புடவை நழுவிவிடுமோ என்ற பயத்தில் நம் பெண்கள் நாடாவை இன்னும் இறுக்குகிறார்கள். தோல் கன்றி, அரித்து, கறுத்து, சிலருக்குப் புண்ணாகவே ஆகிவிடுகிறது. மேல் வயிறு அழுந்துவதால் நெஞ்செரிச்சல் வேறு. "பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும், அதான் எரியுது" என்று பாட்டிமார் சொல்வார்கள். முடி இருக்கட்டும், முதலில் நாடாவைத் தளர்த்துங்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1979இல் தலைச்சன் பிள்ளையைச் சுமந்தபோது என் வெள்ளைச் சீருடையின் இடுப்புவாரை ஐந்தாம் மாதம் வரை நான் கழற்றவில்லை. கர்ப்பம் வெளியே தெரியக் கூச்சம். மெலிந்த இடுப்பு என்ற பெருமையும்தான், இப்போது சொல்ல என்ன வெட்கம்? ஒருநாள் மாலை, வேலை முடிந்து பேருந்துக்குக் காத்து நின்றபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு சீனக் கிழவி என்னை உட்கார வைத்து, கேட்காமலேயே வாரை அவிழ்த்துவிட்டார். படித்த தாதிக்குப் படிக்காத கிழவி சொல்லிக்கொடுத்த பாடம்.

புடவைதான் கட்டுவேன் என்பவர்கள் நாடாவுக்குப் பதிலாக மூன்று விரல் அகலத் துணிப்பட்டை வைத்த பாவாடை தைத்துக்கொள்ளுங்கள். அதை வயிற்றின் மேல் கட்டாமல் வயிற்றுக்குக் கீழே கட்டுங்கள். தேக்கா சந்தையின் மேல்மாடித் தையற்காரர்களிடம் சொன்னால் செய்து தருவார்கள். இரவிக்கைக்கு இருபுறமும் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். மாதம் ஏற ஏறப் பிரித்துவிடலாம். முன்பக்கக் கொக்கி வைத்தால் பிள்ளை பிறந்த பிறகும் உதவும். உள்ளாடை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மார்பு பெருத்த பிறகும் பழைய அளவையே போட்டுக்கொண்டு முதுகு வலிக்கிறது என்று வருகிறவர்கள் அநேகர். வீட்டில் பருத்திக் கைலியோ தளர்ந்த நைட்டியோ போதும், தரையில் புரளாத உயரத்தில் இருந்தால் சரி. கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுகிறது. அதனால் உடம்பு சூடாகவே இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் நைலான் உடுத்துவது தண்டனை.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இடுப்பெலும்பு மூட்டுகளைத் தாங்கும் தசைநார்கள் பிரசவத்துக்காக இளகுகின்றன. வயிற்றுப் பாரம் உடலை முன்னே இழுக்கிறது. குதிகால் உயர்ந்த செருப்பு இந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம். தேய்ந்துபோன ஜப்பான் சிலிப்பரும் அதே அளவு ஆபத்து. ஆலயத்தில் கால் கழுவும் இடத்து ஈரத்தரையில் வழுக்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நடை. மாமியார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. "இரண்டு பேருக்குச் சாப்பிடு, அசையாமல் படு" என்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். ஆனால் இந்தியப் பெண்களுக்குக் கர்ப்ப கால நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 24ஆம் வாரத்துக்கும் 28ஆம் வாரத்துக்கும் இடையில் சர்க்கரைப் பரிசோதனை செய்வது அதற்காகத்தான். படுத்தே இருப்பவளுக்கு அது இன்னும் எளிதாக வரும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் கர்ப்பிணிகளுக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள். பழக்கம் இல்லாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். புளோக்கின் கீழ்த்தளத்திலேயே நடக்கலாம், வெயிலும் இல்லை மழையும் இல்லை. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரை ஏறாமல் இருக்க நல்லது. நம் ஆலயப் பிராகாரத்தை மாலையில் நிதானமாக வலம் வாருங்கள், பக்திக்குப் பக்தி, நடைக்கு நடை.

இரத்தப்போக்கு உள்ளவர்கள், நஞ்சு கீழே இறங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தொடங்காதீர்கள். நடக்கையில் தலைசுற்றல், நெஞ்சுவலி, நீர்க்கசிவு, கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம் என எது கண்டாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 28ஆம் வாரத்துக்குப் பிறகு தூங்கப்போகும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

தைப்பூசத்தில் பால்குடம் எடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் ரோடு தண்டாயுதபாணி ஆலயம் வரை மூன்று கிலோமீட்டருக்குக் குறையாத நடை. நடையைவிட, வரிசையில் அசையாமல் நிற்பதுதான் கர்ப்பிணிக்குக் கஷ்டம். இரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். வேண்டுதல் உங்களுக்கும் முருகனுக்கும் இடையிலானது, நான் குறுக்கே வரமாட்டேன். குழந்தை பிறந்த மறு வருடம் எடுத்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான் என்பது என் நம்பிக்கை.

இப்போது, நான் இங்கே வர ஒப்புக்கொண்டதற்கான காரணத்துக்கு வருகிறேன். இதை நான் வெளியில் அதிகம் சொன்னதில்லை.

1998இல் என் தங்கை மகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். சம்பந்தி வீட்டில் நூறு பேருக்குச் சாப்பாடு, ஏழு வகைச் சித்திரான்னம், எல்லாம் தடபுடலாக நடந்தது. கண்ணாடி வளையல்களை அவள் கை அளவுக்குப் பத்து நாளைக்கு முன்புதான் வாங்கியிருந்தார்கள். அன்று அவை ஏறவில்லை. "பிள்ளை உண்டானா உடம்பு பூரிக்கத்தானே செய்யும்" என்று ஒரு பெரியவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, வழுக்க வைத்து, ஒரு வழியாக ஏற்றிவிட்டார்கள். திருமண மோதிரம் அவள் விரலில் இல்லை. கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தாள். முகம் ஊதியிருந்தது. சந்தனம் பூசப் போனபோது மெல்லக் கேட்டேன்.

"தலை வலிக்குதாடா?"

"ரெண்டு நாளா வலிக்குது பெரியம்மா. தூக்கம் இல்ல, அதான்."

எனக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள தாதிக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டு விசேஷம். மங்கல காரியத்தின் நடுவே ஆஸ்பத்திரி என்றால் அபசகுனம் என்பார்கள். பந்தி முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பந்திக்குப் பிறகு படம் எடுத்தார்கள். அதற்குள் என் இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது. "நாளைக்கு ஒரு தடவை பிரஷர் பார்த்துக்க" என்று வாசலில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விடியற்காலையில் தங்கை அழைத்தாள். பெண்ணுக்குக் கண்முன்னே பொறி பறக்கிறதாம், நெஞ்சுக்குக் கீழே வலியாம். ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் 170/110. அறுவைக்கு முன் கையில் ஊசி ஏற்ற இடமில்லாமல், ஈரத்துணியைச் சுற்றி அந்த வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பிள்ளை பிறக்கும் முன் வளையலைக் கழற்றக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த அவள் மாமியார் வெளியே அழுதுகொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரியாது, தெரிந்தவள் நான்.

குழந்தை ஒரு கிலோ நானூறு கிராம். ஏழு வாரம் கண்ணாடிப் பெட்டியிலும் வார்டிலும் இருந்தது. முருகன் அருளால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தப் பிள்ளை தேசிய சேவையையும் முடித்துவிட்டான். அவன் என்னைப் பெரியபாட்டி என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்தி நினைவுக்கு வருகிறது.

இறுக்கமான வளையலால் அந்த நோய் வந்ததா? இல்லை. உடையாலும் நகையாலும் அது வருவதில்லை. ஆனால் உடம்பில் நடப்பதை அவை நமக்கு முன்கூட்டிக் காட்டிவிடுகின்றன. மாலையில் பாதம் வீங்கிக் காலையில் வடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. காலை உயர்த்தி வைத்து இளைப்பாறுங்கள். கையும் முகமும் திடீரென்று வீங்கினால், நேற்றுப் போட்ட மோதிரம் இன்று ஏறாவிட்டால், கூடவே தலைவலியோ பார்வை மங்கலோ மேல்வயிற்று வலியோ இருந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசேஷம் நடந்துகொண்டிருந்தாலும் சரி. 20ஆம் வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டாலே மருத்துவர் பார்த்தாக வேண்டும். சில பெண்களுக்கு வீக்கமே இல்லாமலும் இது வரும். அதனால்தான் ஒவ்வொரு சோதனைக்கும் தவறாமல் போகச் சொல்கிறோம்.

வளைகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அழகான சடங்கு. பிள்ளைத்தாய்ச்சியை ஊரே கூடிக் கொண்டாடும் நாள். வளையலை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். பட்டு கனமாக இருந்தால் சடங்கு நேரத்துக்கு மட்டும் கட்டிவிட்டு மாற்றிக்கொள்ளட்டும். மணையில் அவளை ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். எழும்போது யாராவது கை கொடுங்கள். வளையல் ஏறாவிட்டால் சோப்பைத் தேடாமல், தலை வலிக்கிறதா என்று கேளுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த மண்டபத்தில் மாதத்துக்குப் பல வளைகாப்புகள் நடக்கின்றன. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை இங்கே நிரந்தரமாக வைக்க வாரியத்திடம் கேட்டிருக்கிறேன். கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் போதும், யாரும் பார்க்கலாம். ஒரு சுமாரான பட்டுப் புடவையின் விலைகூட ஆகாது.

என்னுடைய கருவியை இன்று எடுத்து வந்திருக்கிறேன். அன்னதானத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகள் அவசரப்படாமல் இந்தப் பக்கம் வாருங்கள், உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆன பிறகுதான் பார்ப்பேன். வளையலைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொள்ளுங்கள்.