குருதியும் கீரையும்
(கொல்லிமலையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யாம் மருத்துவம் பேசப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும் இம்மலைமீது வெளிறிய முகத்தோடு மகப்பேற்றிற்குச் செல்லும் பெண்மக்களைக் கண்டுவைத்தும் வாளா இருத்தல் எமக்கு இயலாதாயிற்று.

காயம் பட்டவிடத்துக் குருதியை நிறுத்த முந்துவன தட்டணுக்கள் என்னும் நுண்துணுக்குகள். ஒரு மைக்ரோலிட்டர், அஃதாவது துளியினும் மிகச் சிறிய அளவு குருதியில், இவை 1,50,000 முதல் 4,50,000 வரை இருத்தல் இயல்பு. இவற்றின் வாழ்நாளோ 8 முதல் 10 நாளே. ஆதலின் எலும்பினுள் இருக்கும் மச்சை ஓயாது புதியனவற்றை ஆக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம், பி12 என்னும் உயிர்ச்சத்துக்கள் இரண்டும் இன்றியமையாதன. இவை குறையின் செவ்வணுக்கள் பருத்துத் தொகையிற் குன்றும், சோகை தோன்றும், குறை முற்றின் தட்டணுக்களும் குன்றும். பி12 குறைந்தாரிடத்து எஞ்சிய தட்டணுக்களும் செவ்வனே ஒட்டுவதில்லை எனவும் ஆராய்ச்சியாளர் சிலர் கண்டுள்ளனர். மகப்பேற்றிற் குருதி பெருகுதற்குக் காரணங்கள் பல உள; யாம் அவற்றை மறுக்கவில்லை. ஆனால் சோகையுற்றவள் பிறர் தாங்கும் இழப்பையும் தாங்காள்.

இவ்வுண்மையின் ஒரு பகுதி நம் நாட்டிலேயே வெளிப்பட்டது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928-இல் பம்பாய்க்கு வந்து, நெசவாலைப் பெண்டிர்க்குக் கருவுற்ற காலத்தில் வரும் கொடுஞ்சோகையை ஆராய்ந்தார். பின்பு குன்னூரில் எலிகளை வைத்துச் சோதித்தார். சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார். மார்மைட் என்னும் ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்த்தலை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றினுள் இருந்த பொருள் யாதென அன்று ஒருவரும் அறியார். 1941-இல் அமெரிக்க அறிஞர் கீரையினின்று அதனைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1945-இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய குழுவிற்குத் தலைவராயிருந்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற சுப்பாராவ் ஆவர்.

இனி நம் மலையை நோக்குவோம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலம் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கின்றது. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குச் செல்ல, காசு வீட்டிற்கு வருகின்றது. அதனைக் குற்றம் என்னோம். அக்காசு தீட்டிய அரிசியாக மட்டும் மாறிக் கீரையும் பருப்பும் உலையேறாமற் போதலே குற்றம். சாமையை உரலிற் குத்தும் பாடு பெண்டிரதாயிருக்க, பழைய உணவின் பெருமையை ஆடவர் பேசுதல் எளிது! சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க முற்பட்டபோது உமி நீக்கும் பொறிகளையும் உடன் கொணர்ந்தது இதனை உணர்ந்தே.

கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டின் ஃபோலிக் அமிலம் பெரும்பாலும் அந்நீரோடு போம். பி12-ஓ கீரையில் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு. புலால் மறுத்தோர் பாலையும் தயிரையும் விடலாகாது. பி12 குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்பின், சோகை நீங்கினாற்போல் தோன்றி நரம்புக் கேடு உள்ளே வளரக்கூடும். ஆகவே மருத்துவரை வினவுதல் வேண்டும்.

இன்னுமொன்று. செவிலியர் கருவுற்றோர்க்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை தருகின்றனர். பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்றும், பெருத்துப் பேறு கடினமாம் என்றும் மாமிமார் சிலர் அதனைக் குப்பையில் எறியச் சொல்கின்றனர். கறுப்பது மலமேயன்றிப் பிள்ளையன்று. இக்கூட்டத்திலும் மாமிமார் பலர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களையே யாம் வேண்டிக்கொள்கின்றோம்.