தாய்மாரும் செவிலியர் கல்வியும்
(நமது சங்கத்தின் வேப்பந்தட்டைக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

கல்வியைப் பற்றிச் சிறிது பேசுமாறு நமக்குக் கட்டளையாயிற்று. இச்சங்கத்தின் மேடைகளில் கல்வியைப் பற்றிப் பேசாதார் யாவர்? ஆயினும் அப்பேச்சுக்கள் யாவும் பிள்ளைகளைக் குறித்தனவேயன்றிப் பிள்ளைகளைப் பெற்றோரைக் குறித்தனவல்ல. மணமாகி, இரண்டொரு மக்களுக்குத் தாயான பின்னர், இடையில் விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் திரும்பவும் கையிலெடுத்துச் செவிலியர் தொழிலிற் புக விரும்பும் ஸ்திரீகளைப் பற்றியே இன்று பேசத் துணிந்தோம். அத்தகையோர் எங்கோ பட்டணத்தில் இருப்பவரல்லர். இவ்வேப்பந்தட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலேயே இருக்கின்றனர். ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நிறுத்தப்பெற்று, மணமுடித்து அனுப்பப்பெற்று, பருத்தி எடுப்பதும் மக்காச்சோளம் ஒடிப்பதும் சின்ன வெங்காயம் ஆய்வதுமாகக் காலங்கழிக்கும் நம் பெண்மக்களிற் சிலர், "இனிமேல் படிக்க முடியுமா?" என்று நம்மை வினவியதுண்டு. முடியும் என்று சொல்லிவிடுதல் எளிது. எவ்வாறு முடியும், எத்தனை வருஷமாகும், யாருடைய தோளில் அப்பாரம் விழும் என்பவற்றைச் சொல்லாது, முடியும் என்று மட்டுஞ் சொல்வது உபகாரமாகாது.

முதற்கண் நம்மிற் சிலர் உள்ளத்திலிருக்கும் ஒரு சுளிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். "நர்ஸ் உத்தியோகமா?" என்று பெரியோர் சிலர் கேட்கும்போது அவர் குரலிலே ஒரு தாழ்வு தொனிக்கும். பிறர் மலசலத்தைத் துடைப்பது, அந்நிய ஆடவருடைய உடம்பைத் தொடுவது, இராக்காலத்தில் வீட்டுக்கு வெளியே தங்குவது ஆகியவை நம் குலத்துக்கு அடாதவை என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணம் இன்று நேற்று வந்ததன்று. பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியைக் கொல்லைப்புற வழியாக அழைத்து வந்தோம். அவள் கைபட்டே நாமெல்லாம் இவ்வுலகைக் கண்டோம். பின்பு அவளைத் திண்ணையில் உட்காரச் சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. உயிரைக் காத்த கையைத் தீட்டென்று ஒதுக்கிய வழக்கத்தை ஆசாரம் என்று சொல்லிக்கொள்வதற்கு நாம் நாணவேண்டும்.

அவ்வழக்கத்தால் நேர்ந்த நஷ்டமும் சிறிதன்று. சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் 1871-ஆம் வருஷத்திலேயே செவிலியர் பள்ளியொன்று தொடங்கப்பெற்றது. ஆறு மாதத்து மருத்துவச்சிப் பயிற்சிக்கு முதலிற் சேர்ந்தவர் நால்வரே. அதன் பின்னரும் நெடுங்காலம் இத்தொழிலைத் தாங்கியவர் பெரும்பாலும் கிறிஸ்தவ சகோதரிகளும் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணிகளுமாவர். ஏனைய சமூகத்தார் தம் பெண்களை அனுப்பினாரல்லர். இதன் பயன் யாதாயிற்றெனின், சர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த குழுவினர் 1946-இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தேசம் முழுமைக்கும் இருந்த நர்ஸுகள் ஏறக்குறைய 7,000 பேரே என்றும், 43,000 ஜனங்களுக்கு ஒருவர் வீதமே கிடைத்தனர் என்றும் எழுதினர். பணமின்மை ஒருபுறமிருக்க, ஜாதிச் சுளிப்பும் அவ்வெண்ணிக்கையிற் பாதிக்குக் காரணமென்று நாம் கொள்கிறோம்.

இனி, படிப்பை விட்ட ஸ்திரீகளுக்கு மீண்டும் வழிசெய்த ஒருவருடைய சரித்திரத்தைக் கேட்பீராக. துர்க்காபாய் அம்மையார் 1909-இல் இராஜமகேந்திரவரத்திற் பிறந்தவர். எட்டு வயதில் அவருக்கு விவாகஞ் செய்வித்தனர். வயது வந்தபின் அவ்விவாகத்தினின்றும் விலகினார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு நம் தமிழ்நாட்டுச் சிறைகளில் அடைபட்டார். விடுதலையான பின்பே முறையான படிப்பை நாடினார். காசி ஹிந்து சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குத் தாமாகவே படித்துத் தேறி, ஆந்திர சர்வகலாசாலையிற் பட்டம் பெற்று, 1942-இல் சென்னையிற் சட்டப் படிப்பையும் முடித்தார். தாம் ஏறிய ஏணியைத் தாமே வைத்துக்கொள்ளாமற் பிறர்க்கும் நீட்டியதே அவருடைய பெருமை. அவர் 1937-இல் சென்னையில் நிறுவிய ஆந்திர மகிளா சபையானது, பள்ளியில் இடமில்லாத வயதினரான ஸ்திரீகளை அதே காசிப் பரீட்சைக்குத் தயார் செய்தது. பிற்காலத்தில் அச்சபை ஆஸ்பத்திரியும் செவிலியர் பயிற்சியும் நடத்தும் ஸ்தாபனமாக வளர்ந்தது.

அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்த அவ்வம்மையார் 1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் தலைவரானார். கிராமங்களில் தாய்சேய் நலப் பணி தொடங்கவேண்டுமென்று வாரியம் முயன்றபோது ஒரு சங்கடம் புலப்பட்டது. பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளத்தக்க அளவு பள்ளிப் படிப்புடைய பெண்கள் கிராமங்களிற் கிடைத்திலர். கிடைத்தவரெல்லாம் நாலாவதிலும் ஆறாவதிலும் எட்டாவதிலும் நின்றவர்கள். மேல்மாடியில் இடமிருந்தது, ஏறுவதற்குப் படிக்கட்டு இல்லை. ஆகவே 1958-இல் வயதுவந்த ஸ்திரீகளுக்கென்று ஒரு சுருங்கிய கல்வித் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. விதவைகள், கணவராற் கைவிடப்பட்டோர், வறுமையாற் படிப்பை இழந்தோர் முதலியோரை இரண்டு வருஷத்தில் பரீட்சைக்குத் தகுதியாக்கி, அதன்பின் ஆசிரியைகளாகவும் கிராம சேவிகைகளாகவும் செவிலியராகவும் பயிற்சிக்கு அனுப்புவதே அதன் நோக்கம். இதற்கு முன்னரே சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் 1912-இல் சென்னையில் பால விதவைகளுக்கு இல்லம் அமைத்துப் படிப்பித்ததும், 1942-இல் மயிலாப்பூரில் வயதுவந்த மாதர்க்கென ஸ்ரீவித்யா கலாநிலயம் தோன்ற உதவியதும் இவ்வகையைச் சார்ந்தனவே.

இச்சரித்திரத்திலிருந்து நாம் கண்டுகொண்டது யாதெனின், தாயொருத்தி செவிலியராவதற்குத் தடை செவிலியர் கல்லூரியின் வாயிலில் இல்லை. அதற்கு முந்திய பள்ளிப் படிப்பிலே இருக்கிறது என்பதாம். இன்று மூன்று வருஷத்துச் செவிலியர் பட்டயப் படிப்பிற்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளை நம் மாகாணத்தில் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியற் செய்முறைப் பயிற்சிக்கென்று முன்னதாகவே பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதைப் பலர் அறியாமல் ஒரு வருஷத்தை இழக்கின்றனர். தேசிய திறந்தவெளிப் பள்ளி நிறுவனத்தின் வழியாகவும் எழுதலாம். அதற்கு வயது உச்சவரம்பு இல்லை. ஆனால் செவிலியர் படிப்புக்கு உச்சவரம்பு உண்டு. இந்திய நர்ஸிங் கவுன்சில் பட்டயப் படிப்புக்கு 35 வயதென்று வரையறுத்திருக்கிறது; சேர்க்கை நடத்துவோர் அதனினுங் குறைத்து விதித்தலும் உண்டு.

ஆகையால் கணக்கிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் நின்றவளுக்குப் பள்ளிப் பரீட்சைகளுக்கு மூன்று வருஷம், செவிலியர் படிப்புக்கு மூன்று வருஷம், ஆக ஆறு வருஷம். இவள் தொடங்கும்போது ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை, இவள் முடிக்கும்போது ஏழாம் வகுப்பில் இருக்கும். இருபத்தைந்து வயதினளுக்கு இது இயலும். முப்பத்து மூன்று வயதினள் பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கினால் பன்னிரண்டை முடிக்குமுன் எல்லை கடந்துவிடும். "பிள்ளை சற்று வளரட்டும், பார்க்கலாம்" என்று மாமியாரும் கணவரும் சொல்வது அன்பினாற் சொல்வதே. அவ்வன்பினால் அவளுடைய காலம் தீர்ந்துபோகிறது. இவ்வொன்றை மட்டும் வீட்டுக்குப் போய் மறவாது சொல்லுங்கள்.

மேடைகளில் வழங்கும் இன்னொரு பேச்சையும் நாம் மறுக்கவேண்டியிருக்கிறது. பிள்ளை வளர்த்தவளுக்கு நோயாளியைக் கவனிப்பது தானே வரும் என்பர். இது முகஸ்துதி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். செவிலி தொட்டுப் பார்த்துத் திருப்தியடையலாகாது, அளந்து எழுதவேண்டும். 500 மில்லி மருந்துநீரை எட்டு மணிக்குள் ஏற்றவேண்டும் என்று டாக்டர் எழுதியிருப்பார். மில்லிக்கு 20 துளி விழுங் குழாயாயின் நிமிஷத்துக்கு எத்தனை துளி விடுவது? ஏறக்குறைய 21. பழைய வாத்தியார்கள் திரைராசிகம் என்று கற்பித்த கணக்கே இது. கணக்கு மறந்துபோன ஸ்திரீக்கு இவ்விடத்திலேதான் அச்சம் பிறக்கும். உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களும் இங்கிலீஷ் சொற்களும் ஒருபுறம். விடியலில் வார்டு, இராமுறை வேலை, வேலை முடிந்து வகுப்பு என்பன ஒருபுறம். தாய் என்பதனால் இவற்றுள் ஒன்றும் குறையாது. அவளிடம் மெய்யாகவே இருப்பது வேறொன்று: உறக்கமின்றியிருந்தும் கைவேலை பிசகாதிருத்தல், அழுபவர் முன் கலங்காதிருத்தல், அருவருப்பின்றித் துடைத்தல். பதினேழு வயதுப் பெண்கள் இவற்றை முதல் வருஷத்திற் கண்ணீரோடு கற்கின்றனர். இவள் கற்றே வருகிறாள். கணக்கையும் இங்கிலீஷையும் யாரேனும் உடனிருந்து சொல்லிக் கொடுத்தாற் போதும்.

அடுத்து, ஒரு எச்சரிக்கை. நாமறிந்த சகோதரியொருத்தி, தாலிக்கொடி நீங்கலாகவுள்ள நகைகளை அடகு வைத்து, ஒரு பயிற்சி நிலையத்திற் சேர்ந்து, ஒரு வருஷம் வெள்ளையுடை உடுத்திப் படித்து, சான்றிதழும் பெற்றாள். அச்சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்துகொள்ள இயலாது என்பது பிற்பாடே தெரிந்தது. 1926-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டத்தால் உண்டான நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலே நம் மாகாணத்திற் பதிவு செய்யும் அதிகாரமுடையது. பணங் கட்டுமுன், இவ்வருஷத்து அங்கீகாரம் உளதா, பயிற்சிக்கென்று நோயாளிகள் உள்ள ஆஸ்பத்திரி எது என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இருபது வயதினள் ஏமாந்தால் ஒரு வருஷம் போகும். முப்பது வயதினள் ஏமாந்தால் வாய்ப்பே போய்விடும்.

மணமான ஸ்திரீ இத்தொழிலுக்கு உதவாள் என்ற எண்ணம் பெரிய இடங்களிலும் இருந்ததென்பதற்குச் சமீபகாலத்து உதாரணம் ஒன்று உண்டு. இராணுவச் செவிலியர் சேவையில் இருந்த லெப்டினன்ட் செலினா ஜான் என்பார், மணஞ்செய்துகொண்ட காரணத்தால் 1988-இல் வேலையினின்றும் விடுவிக்கப்பட்டார். அதற்கு ஆதாரமான 1977-ஆம் வருஷத்து விதி 1995-இல் நீக்கப்பட்டது. அவருடைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அவ்விதி ஏறுமாறானதென்று கண்டித்து, 60 லட்சம் ரூபாய் ஈடு கொடுக்குமாறு தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து வருஷங் கழித்து வந்த நீதி. அரசாங்கத்தின் விதியை நீதிமன்றம் மாற்றிற்று. நம் அடுப்பங்கரையில் எழுதாது வழங்கும் விதியை எந்த நீதிமன்றம் மாற்றும்?

அதை மாற்றுவோர் ஈண்டு அமர்ந்திருக்கும் ஆடவரும் மூத்த தாய்மாருமே. வங்காளத்துக் காதம்பினி கங்கூலி என்னும் அம்மையார் பல மக்களுக்குத் தாயாயிருந்தும் 1893-இல் கடல் கடந்து சென்று எடின்பரோவில் வைத்தியப் பட்டயம் பெற்றுத் திரும்பினார். எல்லாரும் அவர் துணிவைப் புகழ்வர். வீட்டில் மக்களைக் காத்திருந்தவர்களை நாம் அதனோடு சேர்த்துப் புகழ்வோம். அங்கன்வாடியில் குழந்தையைப் பகலில் விடலாம். இராமுறைக்கு அங்கன்வாடி ஏது? மாமியார் பார்த்துக்கொள்வார் என்போர், அவருக்கும் முழங்கால் வலி உண்டென்பதை மறந்து பேசுகின்றனர். கணவன் சோறு வடிக்கப் பழகவேண்டும். இதைச் சொன்னால் முன்வரிசையிற் சிலர் சிரிக்கின்றீர்கள். சோறு வடிக்கத் தெரியாத ஆடவரால் நின்றுபோன படிப்பு எத்தனை என்று எண்ணினால் சிரிப்பு வராது.

இனிச் சங்கம் செய்யவேண்டியதைச் சொல்லி அமர்வோம். நமது கல்வி நிதி, பள்ளி இறுதிப் பரீட்சையில் அதிக மார்க்கு வாங்கிய பிள்ளைகளுக்கே பரிசாகச் செல்கிறது. அதில் ஒரு பங்கை, படிப்பைத் திரும்பத் தொடரும் தாய்மார்க்கு ஒதுக்கவேண்டுமென்று தீர்மானமொன்றை அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் முன்மொழிவோம். மார்க்கு கேட்கலாகாது, பரீட்சைக்கு விண்ணப்பித்த ரசீது போதும். சங்கத்துக்குச் சொந்தமான கூடம் வாரத்தில் ஐந்து நாள் பூட்டியே கிடக்கிறது; மாலை வேளையில் அங்கே விளக்கேற்றி, நம்மில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தரச் சம்மதித்திருக்கின்றனர். குழந்தைகளையும் உடன் அழைத்து வரலாம். சப்தம் போட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். பிற சமூகத்துச் சகோதரிகள் வந்தாலும் அவர்களுக்கும் பாய் விரிக்கப்படும். இதில் நிர்வாக சபையார் வேறுபடுவராயின் அங்கேயே வாதிப்போம்.

கூட்டம் முடிந்தபின் நாம் இந்த மேசையருகிலேயே இருப்போம். எந்த வகுப்பில் நின்றீர்கள், இப்போது வயதென்ன என்ற இரண்டையும் எழுதிக் கொடுங்கள். மாற்றுச் சான்றிதழ் காணாமற்போயிருந்தால் அதற்கும் மனு எழுதித்தர ஆளுண்டு.