பள்ளிச் சோறு தானம் அல்ல, நம் பிள்ளைகளின் உரிமை

(புதுக்கோட்டை மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளரும் பஞ்சாலைத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில், கட்சி முழுநேர ஊழியர் ஒருவர் பேசியது)



கூலியைப் பற்றியும் பஞ்சப்படியைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று நம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதை வேறு விஷயம் என்று நினைக்காதீர்கள். கூலி உயர்வு எதற்குக் கேட்கிறோம்? பிள்ளையின் வயிறு நிறைய வேண்டும் என்பதற்குத்தானே?

நடவு காலத்தில் தாய் விடியுமுன்னே வயலுக்குப் போகிறாள். தகப்பன் காலை ஷிப்டுக்கு இருட்டோடு ஆலைக்குப் போகிறான். வீட்டில் உலை ஏறுவதில்லை. பிள்ளை நீராகாரத்தைக் குடித்துவிட்டு, அதுவும் இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகிறது. பத்து மணிக்குத் தலை சுற்றுகிறது. மக்குப் பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறது. குறை மூளையில் இல்லை, தோழர்களே, வயிற்றில் இருக்கிறது.

தானமா, உரிமையா?

1948 மார்ச் 3ந் தேதி வரை நம் புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தது. நவராத்திரியில் அரிசியும் அம்மன் காசும் தானம் கொடுத்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். ராஜா கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது. பள்ளிச் சோற்றையும் சிலர் இந்தக் கணக்கிலேயே பார்க்கிறார்கள். சும்மா கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்கிறார்கள்.

இந்தச் சோறு வந்த வழியைப் பாருங்கள். 1920ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பகலுணவு போட்டது. 1956ல் காமராஜ் சர்க்கார் அதை ராஜ்யமெங்கும் கொண்டுபோயிற்று. 1982 ஜூலை 1ந் தேதி எம்.ஜி.ஆர். சர்க்கார் சத்துணவைத் தொடங்கிற்று. பின்னால் முட்டை சேர்ந்தது. 2010ல் அது வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2022 செப்டம்பர் 15ந் தேதி காலை உணவு தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25ந் தேதி எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆண்ட கட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை. ஜனங்கள் இதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை என்பதே காரணம்.

2001 நவம்பர் 28ந் தேதி சுப்ரீம் கோர்ட், நாடு முழுவதும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சட்டபூர்வ உரிமையாக்கிற்று. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம். 6 முதல் 8ம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். இது சட்டத்தில் உள்ள கணக்கு. சாம்பாரில் பருப்புக்குப் பதில் தண்ணீர் ஓடினால் குறைவது இந்தப் புரதம்தான். சோப்பு முதல் செருப்பு வரை வாங்குகிற பொருளுக்கெல்லாம் நாம் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் வேகிற சோறு இது. கணக்குக் கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

சோறு மட்டும் போதுமா?

போதாது. தின்ற சோற்றைப் புழு பறித்துக்கொள்கிறது. மலம் கலந்த மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சு இருக்கும். வெறுங்காலில் நடக்கும் பிள்ளையின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்வி ரத்தம் குடிக்கும். பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோகும். இதற்காகத்தான் 2015 முதல் குடற்புழு நீக்க நாள் வைத்து, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ரத்தம் ஊற வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரையும் உண்டு. அதை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பயந்து அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டத்து வேங்கைவயலை மறக்க முடியுமா? 2022 டிசம்பரில் அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். குடிக்கிற தண்ணீரைச் சோதியுங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மலம் கலக்கப்பட்டிருந்தது. நாட்டையே தலைகுனிய வைத்த கொடுமை அது. தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காத இடத்தில் குழந்தையின் உடம்புதான் முதலில் சொல்லும் என்பதை அங்கே கண்டோம். பள்ளித் தொட்டி பூட்டியிருக்கிறதா? எப்போது கழுவினார்கள்? கக்கூசில் தண்ணீர் வருகிறதா? வராவிட்டால் பெண் பிள்ளைகள் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, நீர்க்கடுப்பை வாங்கிக்கொள்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

கல்வி உரிமைச் சட்டம் 2009ல் நிறைவேறியது. சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இந்த நாற்காலிகள் நமக்கு உரியவை. நாம் போகாவிட்டால் ஊர்ப் பெரிய மனிதர் உட்காருவார். நம் பெயர் காகிதத்தில் கையெழுத்தாக மட்டும் இருக்கும். கூட்டத்துக்குப் போனால் கூலி போகுமே என்பீர்கள். நியாயம்தான். மாலையில் கூட்டம் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தெருவுக்கு ஒரு தாய் என்று முறை வைத்துப் போங்கள்.

போகும்போது சமையல் செய்யும் அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அவரும் சொற்ப ஊதியத்துக்குப் புகையில் வேகிற தொழிலாளி. அரிசி குறைந்து வந்தாலும் விறகு ஈரமாக இருந்தாலும் அது அவர் குற்றமல்ல. அவர் ஒருவராகக் கேட்டால் கேள்வி அடங்கிப்போகும். நாமும் சேர்ந்து கேட்டால் மேலே போகும். அவர் இன்ன ஜாதி, அவர் சமைத்ததைத் தின்னாதே என்று எவனாவது சொன்னால், நம் பிள்ளைகளை முதல் பந்தியில் உட்காரவைத்து அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வருகிற மாதமே ஒவ்வொரு கிளையும் தன் ஊர்ப் பள்ளிக்கு இரண்டு பேரை அனுப்பட்டும். அரிசி, பருப்பு, முட்டை, தண்ணீர்த் தொட்டி, கக்கூசு, மாத்திரை, டாக்டர் வந்த தேதி ஆகிய ஏழையும் எழுதி வாருங்கள். குறை இருந்தால் குழுவில் தீர்மானம் போடுங்கள். பிரதியை ஒன்றிய ஆபீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பதில் வரவில்லையென்றால் எல்லோரும் சேர்ந்து அந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்போம்!