ஒரு சரியா, இரண்டு சரியா?



போன மாதம் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாளைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். மேல் லயத்துத் தாய் ஒருவர் வரவில்லை. விசாரித்தபோது, "போன்ல ஒன்னும் வரலீங்களே ஐயா" என்றார். பிழை என்னுடையதுதான். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் கடிகாரம் தெரிந்தால், அது உங்கள் போனை விட்டே போகவில்லை. சிக்னலையும் டேட்டாவையும் பாருங்கள். ஒரு சரி மட்டும் இருந்தால், அடுத்தவர் போனுக்கு இன்னும் சேரவில்லை. இரண்டு சரி விழுந்தால் சேர்ந்துவிட்டது. குழுவிலே, எல்லாருடைய போனுக்கும் போன பிறகுதான் இரண்டாவது சரி விழும்.

உங்களுக்குச் செய்தி வரவில்லையா? டேட்டா முடிந்திருக்கலாம். போனில் திகதி, நேரம் பிழையாக இருக்கலாம். வீடியோ நிறைந்து இடமில்லாமல் போயிருக்கலாம், வேண்டாததை அழித்துவிடுங்கள். நம்பர் மாறினால் என்னிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப்புக்காக வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும், நானே கேட்டாலும், கொடுக்க வேண்டாம்.

சுகமில்லாத அவசரத்துக்குச் செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். கோல் எடுங்கள், கிடைக்காவிட்டால் ஆள் அனுப்புங்கள். இனி கிளினிக் நாளை நானும் காலையில் பிரட்டுக்களத்தில் வாயால் சொல்வேன்.